சரோஜாவுக்கு அடிக்காத மணி

நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். எனக்குக் காப்பிப் பழம் பறிக்கத் தெரியும், எழுத்து தெரியாது.

கொட்டச்சேட்டுப் பக்கம் எஸ்டேட்டில் இருந்தபோது, வீடு வீடாகக் கணக்கெடுக்க ஒரு டீச்சர் வந்தார். ரைட்டர் வீட்டு வாசலில் வைத்தே எல்லோரையும் விசாரித்தார். ரைட்டர் என்றால் எஸ்டேட்டில் எழுத்து வேலை பார்ப்பவர். அந்த ரைட்டரின் மனைவி சரோஜாவிடம் டீச்சர், "என்ன வேலைம்மா?" என்றார்.

"ஹவுஸ் ஒய்ஃபுங்க."

அடடா, சொல்லும்போதே என்ன சொகுசு! பவுடர் பூசிய முகம், கசங்காத சேலை.

அடுத்து நான். இடுப்பில் சாக்கு, கையெல்லாம் பழக்கறை. டீச்சர் என்னைக் கேட்கவே இல்லை. 'கூலி' என்று எழுதிவிட்டார். எனக்கு வயிறு எரிந்தது.

"ஏனுங்க டீச்சர், அந்த இங்கிலீசுப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"

"ஹவுஸுன்னா ஊடு. ஒய்ஃபுன்னா இப்பத்தான் பொண்டாட்டி. அந்தக் காலத்துல வெறும் பொம்பளைன்னுதான் அர்த்தம். ஊட்டையே கட்டி ஆளுற பொம்பளை. சாவிக்கொத்து, தானியம், வேலையாளுங்க எல்லாம் அவ கைக்குள்ள. இதே சொல்லு தேஞ்சு தேஞ்சு, 'ஹஸ்ஸி'ன்னு பொம்பளையத் திட்டுற வார்த்தையாவும் ஒண்ணு ஆயிருச்சு."

திட்டுகிற வார்த்தை என்றதும் பாதி எரிச்சல் அடங்கியது. மீதிப் பாதி அடங்கவில்லை. நானும் ஆள வேண்டும்!

மேஸ்திரியிடம் லீவு கேட்டேன்.

"பழம் உதிர்ற நேரத்துல லீவா? எதுக்கு?"

"ஹவுஸ் ஒய்ஃபா இருக்கறதுக்குங்க."

கூட இருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேஸ்திரி சிரிக்கவில்லை. "மூணு நாள் நின்னீன்னா மஸ்டர்ல பேரை அடிச்சுப்புடுவேன் பொன்னம்மா."

மஸ்டர் என்பது வேலையாட்களின் பெயர் நோட்டு. அதில் பேர் போனால் எஸ்டேட் கொடுத்த லைன் வீடும் போகும். அப்படியும் வேலைக்குப் போகாமல் நின்றேன். பொறாமை என்றால் அப்படி ஒரு பொறாமை.

ஆளும் விதத்தைக் கற்றுக்கொள்ள, விடிந்ததும் சரோஜா வீட்டுக்குப் போனேன். அதற்குள் அவள் ஓடையிலிருந்து நாலு நடை தண்ணீர் கொண்டுவந்திருந்தாள். படுக்கையில் கிடந்த மாமியாரைக் குளிப்பாட்டினாள். பிறகு துணி, விறகு, சமையல். அந்தக் கசங்காத சேலை, கணக்கெடுக்க வந்தவருக்காகக் கட்டியதாம். கூடமாட நின்றதற்கே என் இடுப்பு கழன்றது.

சாயங்காலம், வேலை முடிந்ததென்று எஸ்டேட் மணி அடித்தது. பழக்கம், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"மணி அடிச்சாச்சு சரோஜா, உக்காரு."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டே சிரித்தாள். "அது உங்களுக்கு அடிச்சதுங்க அக்கா. தெனமும் என் காதுலயும் விழும். நொம்பப் பொறாமையா இருக்குமுங்க."

எனக்கு வந்த சந்தோஷத்தை எங்கே போய்ச் சொல்ல! என்னைப் பார்த்தும் ஒருத்தி பொறாமைப்படுகிறாள்!

மறுநாள் காலையில் முதல் ஆளாக மேஸ்திரி முன் நின்றேன். பேர் தப்பியது. சாயங்காலம் மணி அடித்ததும் நேரே சரோஜாவின் சமையற்கட்டுக்குப் போனேன். அவள் வீட்டுச் சொம்பையே எடுத்துக் கரண்டியால் தட்டினேன்.

"மணி அடிச்சாச்சு, வெளிய வா!"

ஆளுக்கொரு டம்ளர் காப்பியோடு, அது ஆறும்வரை வாசலில் உட்கார்ந்தோம். ரைட்டர் முறைத்தார். முறைக்கட்டும். வேலையில் இருந்தவரை தினமும் தட்டினேன்.

எஸ்டேட்டுக்குப் புதிதாக வரும் பெண்களே, ஒருத்தி சும்மா இருப்பதுபோல் தெரிந்தால், அவளுக்கு எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று கேளுங்கள். பதில் தெரியாமல் அவள் விழித்தால், ஒரு சொம்பையும் கரண்டியையும் எடுங்கள்.