ஆடி முடியட்டும் என்று காத்திருந்த கேமரா

1. கிர்ர் என்ற சத்தம்

சுங்கை பூலோவில் ஓர் அறுபதாம் கல்யாணம். மாலை மாற்றும் நேரத்தில் பெரியவர் மனைவியின் காதில் ஏதோ சொன்னார். அந்த அம்மா வெட்கத்தில் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். இப்படி ஒரு நொடிக்காகத்தான் நான் சட்டைப் பையில் ஒரு குட்டி கேமரா வைத்திருக்கிறேன். எடுத்து சுவிட்சைத் தட்டினேன். கிர்ர் என்றது. லென்ஸ் பாதி வெளியே வந்து நின்றுவிட்டது. உள்ளங்கையில் தட்டித் தட்டி அதை வழிக்குக் கொண்டுவருவதற்குள் அந்த அம்மா கையை எடுத்து, சேலையைச் சரிசெய்து, ஐசி அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து நின்றுவிட்டார். போச்சு.

கல்யாணப் படம் எடுக்கப் புதிதாக வருகிறவர்களுக்கு எங்கள் வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். கிள்ளானில் நானும் என் மனைவி செல்வியும் சேர்ந்துதான் தொழில் செய்கிறோம். பெரிய கேமரா, பிளாஷ், குடும்பத்தை வரிசையாக நிறுத்தும் அதிகாரம் எல்லாம் அவளிடம். தோள்பட்டை வலி வந்ததிலிருந்து நான் குட்டி கேமராவோடு மண்டபத்தில் சும்மா உலாத்துகிறவன். யாரும் என்னைப் படக்காரன் என்று நினைப்பதில்லை. பந்தியில் என்னிடமே சாம்பார் கேட்டவர்கள் உண்டு. ஊற்றியும் இருக்கிறேன். சாம்பார் ஊற்றுகிறவன் முன்னால் யாரும் முகத்தைச் சரிசெய்துகொள்வதில்லை, அங்கேதான் எனக்கு நல்ல படங்கள் கிடைக்கும்.

அந்த வாரமே ஹேமா என்ற பெண் கல்யாணத்துக்கு புக் பண்ண வந்தாள். ஆவணியில் முகூர்த்தம். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளையுடன் வெளிநாட்டுக்கு, பெர்த் நகரத்துக்குப் போகிறாள். ஆல்பம், டிரோன் எதைப் பற்றியும் அவள் கேட்கவில்லை. போனை நீட்டி ஒவ்வொரு படமாகத் தள்ளிக் காட்டினாள். எல்லாவற்றிலும் அவளுடைய அப்பா மாரிமுத்து, மேருவில் லோரி ரிப்பேர் வொர்க்‌ஷாப் போர்மேன், கையைத் தொடையோடு ஒட்டிவைத்து முறைத்துக்கொண்டு நின்றார்.

"அங்கிள், எங்கப்பா வீட்ல அப்படிச் சிரிப்பாரு. பக்கத்து வீட்டு நாயே குரைக்கும். கேமராவப் பாத்தா மட்டும் இப்படி. அம்மா போனதுக்கு அப்புறம் என்னையும் தங்கச்சியையும் அவருதான் வளத்தாரு. அவரு சிரிக்கிற மாதிரி ஒரு படம் போதும், அங்கிள். அத எடுத்துக்கிட்டுதான் பெர்த்துக்குப் போகணும்."

"இந்தப் படத்தையே மாட்டும்மா. பெர்த்ல திருடன் வர மாட்டான்" என்றேன்.

அவள் சிரித்தாள். ஆனால் கண் கலங்கியிருந்தது. "செஞ்சிடலாம்மா" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். பாதியில் நின்றுபோகும் லென்ஸை வைத்துக்கொண்டு கொடுத்த வாக்கு அது.

2. பாய் கடையில்

பிரிக்பீல்ட்ஸில் காசிம் பாய் கடைதான் எனக்கு வழக்கம். என் கேமராவை வாங்கிப் பார்த்தார். பேட்டரி மூடி பிளாஸ்டர் போட்டு ஒட்டியிருந்தது. பெயின்ட் உரிந்து, மேலே இருந்த கம்பெனிப் பெயரே அழிந்துபோயிருந்தது.

"ஸ்பேர் பார்ட் கெடைக்காது, பாஸ். புதுசுதான்" என்று ஒரு கேமராவை எடுத்து கண்ணாடி மேல் வைத்தார். கைக்குள் அடங்கும் அழகான சாமான். விலையைச் சொன்னார்.

"பாய், நான் கேமராவ மட்டும்தான் கேட்டேன். கடையக் கேக்கல."

"இது போன வருச வெல இல்ல லா. சின்னப் பசங்க எல்லாம் போன்ல பாத்துட்டு இதே மாடல்தான் வேணும்னு வந்து நிக்கிறாங்க. அடுத்த ஷிப்மென்ட் இன்னும் ஏறும். இப்பவே தூக்கிடுங்க."

"பழசுக்கு எவ்வளவு கழிப்பீங்க?"

பாய் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத வாங்கிக்கிறதுக்கு நீங்கதான் எனக்கு ஏதாச்சும் குடுக்கணும்."

அன்றைக்கே வாங்கியிருக்கலாம். பணமும் இருந்தது. ஆனால் அடுத்த நாள் ஆடி பிறக்கிறது என்பது எனக்கு ஞாபகம் வந்து தொலைத்தது. வாங்கினாலும் சாமி முன்னால் வைத்து எடுப்பதற்குள் ஆடி வந்துவிடும். தொழில் சாமானை ஆடியில் தொடங்குவதாவது? இந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.

"ஆடி முடியட்டும், பாய்."

"ஆடி முடிஞ்சிடும், பாஸ். வெல ஏறுறது முடியாது."

வீட்டில் செல்வி ஒரே வார்த்தைதான் கேட்டாள். "உங்க ஆடி, கேமரா செய்யுற ஜப்பான்காரனுக்குத் தெரியுமா?"

தெரியவில்லை. வாரா வாரம் போன் செய்தேன். ஒவ்வொரு தடவையும் பாய் ஒரு புது விலை சொன்னார். விலை ஏற ஏற என் கொள்கையும் இறுகியது, இவ்வளவு நாள் பொறுத்துவிட்டு இப்போது போய் விழுவதா என்று. ஆடி முடிந்த மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றேன். ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. பாய் சொன்ன விலையைக் கேட்டு அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். பாய் ஒரு கிளாஸ் தே தாரிக் டீ வாங்கிக் கொடுத்தார். ஆடித் தள்ளுபடி அது ஒன்றுதான்.

வாங்கிக்கொண்டு நேராகக் கோயிலுக்குப் போனேன். அர்ச்சனை செய்து, ஐயர் கையால் சந்தனப் பொட்டும் வைத்தாயிற்று. பழையதைக் குப்பையில் போடப் போனபோது செல்வி பிடுங்கித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். "கெடக்கட்டும். உங்க புதுசு சாமி கும்புட்டுக்கிட்டே நின்னுடப் போவுது."

3. மேரு மாரிமுத்துவின் முகம்

கல்யாணம் கிள்ளானில், ஒரு பெரிய மண்டபத்தில். புதுக் கேமராவைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தேன். பொத்தானைத் தொட்டதும் சத்தமே இல்லாமல் தயாரானது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓர் அடி எடுத்து வைத்திருப்பேன், பின்னால் ஒரு கூச்சல்.

"ஐயோ அங்கிள்! இது அந்த மாடல்தானே? எங்க கெடைச்சிச்சி?"

ஹேமாவின் தோழிகள். என்னைச் சுற்றி நின்றுகொண்டார்கள். ஒருத்தி தொட்டுப் பார்த்தாள். இன்னொருத்தி அந்தக் கேமராவோடு செல்பி எடுத்துக்கொண்டாள், படத்தில் நான் இல்லை. அதன் பிறகு நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் எல்லாரும் கன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு தயாராக நின்றார்கள். மணவறையில் மாப்பிள்ளையே புகைக்கு நடுவில் என் கையைப் பார்த்து, "அங்கிள், நைஸ்!" என்றார். அன்றைக்கு யாரும் என்னிடம் சாம்பார் கேட்கவில்லை.

மாரிமுத்து அண்ணன் ஒரு தூண் பக்கத்தில் நின்றிருந்தார். மெதுவாக அவரிடம் போனேன்.

"ஏன் பாஸ், இத்தினியூண்டு கேமராவுக்கா இவ்ளோ கூட்டம்? என்னா வெல?"

நான் மழுப்பினேன். பக்கத்தில் இருந்த ஒரு தோழி வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் விலையைச் சொல்லிவிட்டாள்.

அண்ணன் கண் விரிந்தது. "கப்சாய் மோட்டார் சைக்கிள் வெலையா! அப்ப அதுல நா ஒழுங்கா விழணும்லா!" என்று மேல்பட்டனைப் போட்டார், மூச்சை இழுத்தார், கையைத் தொடையோடு ஒட்டினார். ஹேமாவின் போனில் இருந்த அதே முறைப்பு, இன்னும் கொஞ்சம் கூடுதலாக. தாலி கட்டும்போதும் முறைத்தார். அட்சதை போடும்போதும் முறைத்தார். மேடையிலிருந்து ஹேமா என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கமாக இருந்தது எனக்கு.

பந்தி முடிந்தது. பெண்ணை அழைத்துப்போக மாப்பிள்ளை வீட்டார் காரைக் கொண்டுவரப் போனார்கள். அண்ணனும் மகளும் வாசலில் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். செல்வி என் கையிலிருந்த புதுக் கேமராவை வாங்கிக்கொண்டு பழையதைத் திணித்தாள். "போங்க. கார் வந்துட்டா முடிஞ்சிச்சி."

அண்ணன் முன்னால் போய் நின்று சுவிட்சைத் தட்டினேன். கிர்ர். பாதியில் நின்றது. தட்டினேன். மறுபடி கிர்ர். எனக்கு வியர்த்துவிட்டது. இன்னொரு தடவை ஓங்கித் தட்டியதில் பேட்டரி மூடி திறந்துகொண்டது. பிளாஸ்டரை அழுத்திப் பிடித்துக்கொண்டு, "அண்ணே, ஒரு நிமிசம், வந்துடும்" என்றேன்.

அண்ணன் குனிந்து பார்த்தார். முறைப்பு மெல்ல அவிழ்ந்தது.

"என்னா பாஸ், அதுக்கும் கியர் விழலியா?"

"காலையில ஸ்டார்ட் பண்றதே கஷ்டம், அண்ணே."

"அப்ப மேருவுக்குக் கொண்டாங்க! கிரேன் வச்சித் தூக்கி, கீழ படுத்துப் பாக்குறேன்!"

தன் பேச்சுக்குத் தானே சிரிக்கத் தொடங்கினார். அம்மாடி, என்ன சிரிப்பு அது! வயிறு குலுங்க, கடைவாய்ப் பல் தெரிய, மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பட்டுச் சேலையும் மாலையுமாக ஹேமாவும் அவர்மேல் சாய்ந்து சிரித்தாள். லென்ஸுக்கு என்ன தோன்றியதோ, வெளியே வந்துவிட்டது. எடுத்தேன்.

சிரிப்பு அடங்கும்போதே அண்ணனுக்கு அழுகை வந்துவிட்டது. அப்படியே மகளைக் கட்டிக்கொண்டார். அப்போது லென்ஸ் திறந்துதான் இருந்தது. நான் கேமராவை இறக்கிவிட்டேன். அந்த அழுகை அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும்.

4. கடைசியாக

படத்தில் போகஸ் கொஞ்சம் தப்பியிருந்தது. செல்வி அதை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்தாள், பிறகு அனுப்பினாள். ஹேமா பெர்த் வீட்டுச் சுவரில் மாட்டி எங்களுக்குப் படம் அனுப்பியிருந்தாள். "வீட்டுக்கு வர்றவங்க எல்லாரும் இவரு யாருன்னு கேக்குறாங்க, அங்கிள்."

பழைய கேமராவின் லென்ஸ் அன்றைக்கு வெளியே வந்ததுதான், திரும்ப உள்ளே போகவில்லை. புதியதை நான் விற்கவில்லை. நல்ல கேமரா, பாவம், அதன் மேல் என்ன குற்றம்? பெயர் தெரியாமல் கறுப்பு டேப் ஒட்டி, மூலையில் ஒரு பிளாஸ்டரும் போட்டுவிட்டேன். இப்போது மறுபடி என்னிடம் சாம்பார் கேட்கிறார்கள். எந்த கேமரா வாங்கலாம் என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: அதை வெளியே எடுத்தால் எதிரே நிற்கிறவர் முகம் என்ன ஆகும்? அதைப் பார்த்துவிட்டு வாங்குங்கள், அல்லது இருப்பதோடு இருங்கள். வாங்குவது என்று முடிவாகிவிட்டால் நல்ல நாள் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள்.

போன வாரம் மாரிமுத்து அண்ணன் போன் செய்தார். சின்னவளுக்கும் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்களாம்.

"பாஸ், அந்த ஓட்டக் கேமராவோடதான் வரணும். கப்சாய் வெலக் கேமராலாம் வேணாம்."

"அது செத்துப்போச்சு, அண்ணே. லென்ஸ் உள்ள போக மாட்டேங்குது."

"அட, மேருவுக்குக் கொண்டாங்க. நா தட்டிப் பாக்குறேன்."

நான் காலண்டர் பக்கம் திரும்பினேன். திரும்பியதுதான் தாமதம், சமையல் கட்டிலிருந்து செல்வியின் குரல் வந்தது.

"இன்னைக்கே போங்க. ஆடி வந்துடப் போவுது."