ஒரு முழம் பூசாத சுவர்

இது கட்டுக்கதை இல்லை. எனக்கு நடந்தது. என் வலது கை விரல்களில் நகம் இன்னும் சரியாக வளரவில்லை. நம்பாதவர்கள் எங்கள் ஊருக்கு வந்தால் காட்டுகிறேன். ஸ்லோவாக்கியாவில் பாசஞ்சர் ரயில் மட்டும் நிற்கும் சின்ன ஊர்தான்.

என் பெயர் விளஸ்தா. யூதர்களின் பழைய ஜெப ஆலயத்தைக் கலைக்கூடமாக மாற்றும் பொறுப்பு என்னுடையது. போருக்குப் பிறகு அது வெகுகாலம் தானியக் கிடங்காக இருந்தது. ஆனாலும் கட்டடம் ராஜாதான். நாலு வார்ப்பிரும்புத் தூண்கள், நீல விதானத்தில் பொன் நட்சத்திரங்கள், மேலே மூன்று பக்கமும் மரப்பின்னலுக்குப் பின்னால், பெண்கள் தனியே உட்கார்ந்து தொழும் மாடம். மாடத்துக்குத் தெருவிலிருந்து தனிப் படிக்கட்டு. அந்த வாசலை எப்போதோ செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். மேலே போக வேறு வழி கிடையாது.

திறப்பு விழா சனிக்கிழமை. தலைநகரத்திலிருந்து வரும் ஓவியர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார். பக்கவாசலுக்கு எதிர்ச் சுவர் அப்பழுக்கில்லாத வெள்ளையாக இருக்க வேண்டும், இல்லையென்றால் வரமாட்டாராம். அந்தச் சுவரிலோ ஒரு முழச் சதுரம் பூசாமல், செங்கல் தெரிய நின்றது. சுற்றிலும் கறுப்புக் கோடு வேறு.

கொத்தனார் கரோல் கரண்டியோடு தயங்கினார்.

"உதிர்ந்த மாதிரி தெரியலையே, மேனேஜரம்மா. வேணும்னே விட்டிருக்காங்க. யாரையாவது ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?"

எனக்கும் அது தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் எரிந்து விழுந்தேன்.

"யாரைக் கேக்கிறது? இந்த ஊர்லதான் யூதங்க ஒருத்தர்கூட இல்லையே! பூசுங்க."

மேலே ஏதோ முனகியது. புறா என்று நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை பூசினார். வியாழன் காலையில் பழையபடி வெறும் செங்கல். சரி, உதிர்ந்துவிட்டது என்றால் தரையில் கிடக்க வேண்டுமே? ஒரு பொட்டுக் கலவைகூட இல்லை...

"பூனை தின்னுடுச்சோ?" என்று கரோல் சிரித்தார். கம்பி வலை அடித்து, சிமென்ட் சேர்த்து மறுபடி பூசினார். வெள்ளி காலை... வெறும் செங்கல். கம்பி வலையையும் காணோம். இந்தத் தடவை அவர் சிரிக்கவில்லை.

"ஆளை விடுங்க, தாயே. என் பொண்டாட்டிக்கு இன்னொரு புருஷன் தேடுற வயசு தாண்டிடுச்சு."

"வெட்கமா இல்ல? குடுங்க கரண்டிய!"

நானே பூசினேன். முடிக்கும்போது மணி நாலு. டிசம்பர் மாதம், வெளியே இருட்டிவிட்டது. எவன் வந்து சுரண்டுகிறான் என்று பார்த்துவிடலாம் என்று கதவை உள்ளே பூட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

4:20. மேலே காலடிச் சத்தம். ஒருவருடையது அல்ல. குதிகால் செருப்புகள்... பாவாடைகள் உரசும் சத்தம்... பெஞ்சுகள் முனகின. மாடத்தில் பெஞ்சே கிடையாது. கிடங்குக்காரர்கள் என்றைக்கோ விறகாக்கிவிட்டார்கள்.

தெருவிளக்கு வெளிச்சம் மரப்பின்னல் ஓட்டைகளில் எப்போதும் தெரியும். இப்போது ஓட்டைகள் ஒவ்வொன்றாக இருண்டுகொண்டே வந்தன... யாரோ முகம் வைத்துப் பார்ப்பது போல.

"யாரது?"

எல்லாச் சத்தமும் நின்றது.

பிறகு... சர்ர்க்... சர்ர்க்...

ஈரப்பூச்சில் நகம்.

என் காதோரம் ஒரு பெண் குரல். எங்கள் ஊர்ப் பேச்சு. கோபமே இல்லை.

"எங்களைக் கேட்டிருக்கலாமே, விளஸ்தா."

ஐயோ! திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். கரண்டியைத் தேடவும் தோன்றவில்லை, வெறும் கையால் சுரண்டினேன். நகம் பிய்ந்து ரத்தம் கொட்டியது. சுரண்டியதையெல்லாம் வாளியில் வாரி, தெருமுனைக் குப்பைத் தொட்டியில் கொட்டிவிட்டு வீட்டுக்கு ஓடினேன்.

மறுநாள் ஓவியர் தாம்தூம் என்று குதித்துவிட்டுத் திரும்பிப் போனார். ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளின் படங்களை மாட்டி விழாவை ஒப்பேற்றினோம். இஸ்ரேலில் ஹைஃபாவிலிருந்து தோவா என்ற அம்மாள் வந்திருந்தார். அவருடைய தாய் எங்கள் ஊர்க்காரி. சதுரத்தைப் பார்த்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேவிட்டார்.

"எருசலேம்ல எங்க கோயில் இடிஞ்ச ஞாபகத்துக்கு, சுவத்துல ஒரு முழம் பூசாம விடுவோம், கண்ணு. போற ஊர்லயெல்லாம் அதை மூடிட்டாங்க. நீதான் விட்டு வச்சிருக்கே. நீ நல்லா இருக்கணும்." என் விரல் கட்டுகளைப் பார்த்தார். "என்ன, வேலையில பட்டுதா?"

"ஆமாம்" என்றேன். கூனிக்குறுகிப் போனேன். உண்மையை இன்றுவரை அவருக்குச் சொல்லவில்லை.

அவர் மாடத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"போர்க்காலத்துல, நாஜி முகாமுக்கு ரயில்ல ஏத்துறதுக்கு முன்னாடி ரெண்டு நாள், பொம்பளைங்க எல்லாரையும் அங்கதான் அடைச்சு வச்சாங்க. எங்க பெரியம்மாவும் இருந்தாங்க. ஒருத்தரும் திரும்பல. மேல போய்ப் பார்க்க முடியுமா?"

அவருக்காகத் திங்கட்கிழமை கரோல் மாடப் படிக்கட்டு வாசலை அடைத்திருந்த செங்கல்லைப் பெயர்த்தார். தோவா வருவதற்கு முன் நாங்கள் இருவரும் உள்ளே போனோம். படிகளில் விரற்கடைத் தூசி. அதன்மேல் சுண்ணாம்புக் காலடித் தடங்கள். பெண்களின் செருப்புத் தடங்கள்... எல்லாம் மேலே ஏறியவை. இறங்கிய தடம் ஒன்றுகூட இல்லை.

உச்சிப் படியில் மூன்று குவியல் பூச்சு, யாரோ பெருக்கிக் கூட்டி வைத்தது போல. ஒன்று புதன்கிழமையுடையது. இன்னொன்றில் கம்பி வலை இருந்தது. மூன்றாவது... நான் குப்பைத் தொட்டியில் கொட்டியது. என் ரத்தமும் பிய்ந்த நகங்களும் அதிலேயே இருந்தன.

கரோல் கீழே பெயர்த்த வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"மறுபடி அடைச்சிடட்டுமா, மேனேஜரம்மா?"

"என்னைக் கேக்காதீங்க."

அவர் தொப்பியைக் கழற்றினார். இருட்டைப் பார்த்து, தணிந்த குரலில், அவர்களைக் கேட்டார்.

மேலே, இல்லாத பெஞ்சு ஒன்று முனகியது.