மூன்று மனுவும் ஒரு புறவாசல் கதவும்

மனு எழுதுகிற தொழிலில் முதல் பாடம், யாருக்கு என்ன அநியாயம் நடந்தது என்பதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டும்; இரண்டாவது வரியை யாரும் படிப்பதில்லை. ஆகவே: பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் குடியிருக்கும் இசக்கியம்மாள் மதினி, பீடி சுற்றுபவர், பீடிக்கடைக்குப் போகிற வழியில் மூடியில்லாத வாறுகாலுக்குள் விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். அன்றைக்கு மழை பெய்து, சாக்கடை எது தெரு எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. மூடியை எடுத்துக்கொண்டு போனவர்கள் யாரும் இன்றுவரை விழவில்லை.

நான் எம்.ஏ. படிக்கிறேன். திங்கட்கிழமை மட்டும் வகுப்புக்கு மட்டம். அன்று பொதுமக்களிடம் மனு வாங்கும் நாள்; மனு வாங்குமிடத்துக்கு எதிரே செல்வி அக்காவின் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து வருகிறவர்களுக்கெல்லாம் மனு டைப் அடித்துக் கொடுப்பது என் வேலை. சண்டை போடுவதற்கு இவ்வளவு வசதியான வேலை வேறு கிடையாது. அந்தச் சில மாதங்களில் நடந்தவற்றைச் சொல்கிறேன். குனிந்து பார்த்து நடக்கப் பழகிவிட்ட சக குடிமக்களே, உங்கள் தெருவிலும் ஒன்று இருக்கும், படியுங்கள்.

எக்ஸ்ரேயில் தெரியாதது

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவர் ‘எப்படி அடிபட்டது’ என்று கேட்டார். மதினி வாயைத் திறப்பதற்குள் அவரே ‘தவறி விழுந்ததால்’ என்று எழுதிவிட்டார். எனக்கு ஏறிவிட்டது. தவறியது மதினி இல்லை, மூடி. ஆகவே ‘மூடி இல்லாததால்’ என்று மாற்றி எழுதுங்கள் என்றேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். நான் விடவில்லை. ‘தவறி’ என்ற ஒரு சொல்லில் பழி முழுவதும் விழுந்தவள் தலையில் இறங்கிவிடுகிறது என்று விளக்க ஆரம்பித்தேன். மதினி இடது கையால் என் சுடிதாரைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, கோபமே இல்லாமல் சொன்னார்: “தங்கச்சி, எந்த எலும்பு முறிஞ்சிருக்குன்னுதான் நாங்க பாப்போம். எந்த ஆபீசு முறிச்சுதுன்னு எக்ஸ்ரேல தெரியாது.”

அடையாளம்

மாவுக்கட்டோடு மதினி வீட்டுக்கு வந்த மறுநாள் தெருக்காரர்கள் குழிக்குள் ஒரு வேப்பங்கொப்பை நட்டார்கள். அதை ஆடு தின்றது. பிறகு கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி வைத்தார்கள். அதை யாரோ ஒட்டவைத்து உட்கார எடுத்துப் போய்விட்டார்கள். கடைசியில் நீளமாக ஒரு கம்பை நட்டு அதில் சிவப்புத் துணி கட்டினார்கள். ஒரே வாரத்தில் அந்தக் கம்பில் ஒருவருடைய பிறந்தநாள் வாழ்த்து பிளெக்ஸ் தொங்கியது. குழிக்குள்ளிருந்து அவர் எல்லோரையும் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்.

இதற்குள் எங்கள் தெருவுக்கே குழிதான் முகவரி ஆகிவிட்டது. கூரியர்க்காரருக்கு “குழி தாண்டி மூணாவது வீடு”, கேஸ் சிலிண்டர்காரருக்கு “குழிக்கு இங்கன நிறுத்துங்க”. நான் மனுவில் ஊர்க்காரர்கள் கையெழுத்து வாங்கப் போனேன். தெருமுனை ஆட்டோ அண்ணாச்சி படித்துப் பார்த்துவிட்டு யோசித்தார். கையெழுத்தும் போட்டார். தாளைத் திருப்பித் தரும்போது நிஜமான கவலையோடு கேட்டார்: “மூடிட்டா நம்ம தெருவுக்கு எங்கன திரும்பணும்னு வெளியூர்க்காரனுக்கு எப்பிடிம்மா சொல்லுதது?”

யாருடையது

முதல் மனு நான்கு பக்கம். அது என்ன ஆயிற்று என்று கேட்டுக்கொண்டு நானும் மதினியும் மூன்று ஆபீஸ் ஏறினோம். பெயர் சொல்ல மாட்டேன். எந்தப் பெயரைச் சொன்னாலும் ‘எங்களுது இல்லை’ என்று மறுப்பு வரும். முதல் ஆபீசில், சாலை யாருடையதோ அவர்களுடையதுதான் ஓர வாறுகாலும் என்றார்கள். இரண்டாவது ஆபீசில், சாலை தங்களுடையதுதான், ஆனால் குடிதண்ணீர்க் குழாய் பதிக்க வந்தவர்கள்தான் மூடியைப் பெயர்த்தார்கள் என்றார்கள். குழாய்க்காரர்களோ, குழாய் பதித்ததோடு எங்கள் வேலை முடிந்தது, தண்ணீர் வருகிறதா இல்லையா என்று திருப்பிக் கேட்டார்கள். வருகிறது என்றார் மதினி. உண்மையைச் சொல்லிப் பழகியவர். அவரை வைத்துக்கொண்டு வழக்காட முடியாது.

மதினிக்கு அவசரம் இருந்தது. வாரத்துக்கு இத்தனை கட்டு என்று பீடி போகாவிட்டால் கடையில் இலை கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். ஆகவே ப்ளஸ் டூ படிக்கிற மகள் முத்துச்செல்வி பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பீடி சுற்றினாள். சுற்றியதைச் சொளவில், அதாவது முறத்தில், அடுக்கி, அதே குழியைத் தாண்டி அவளே கடைக்குக் கொண்டுபோனாள். தலையில் சொளவு இருந்தால் காலடி தெரியாது. “எங் கை போனது போட்டும். அவ கையும் போச்சுன்னா இந்த வீட்டுல மிச்சம் ரெண்டு இடக்கைதான்” என்பார் மதினி. சிரித்துக்கொண்டுதான் சொல்வார். ஆனால் மகள் திரும்பி வரும்வரை வாசலைவிட்டு நகர மாட்டார்.

முதல் ஆபீசுக்கே மறுபடி போனோம். வாறுகால் யாருடையது என்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள், நாங்கள் அங்கே போய்க்கொள்கிறோம் என்று கேட்டேன். கிளார்க் ஒரு பழைய கோப்பைப் புரட்டினார். மூடி போட்டது அவர்கள்தான் என்று அதில் இருந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். அவர் கோப்பை மூடி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னார்: “குழி எங்களுது இல்லம்மா. மூடிதான் எங்களுது. மூடிதான் இப்ப அங்கன இல்லியே, பொறவு எங்களுக்கு அங்கன என்ன ஜோலி?”

பையில் எண்ணெய்

இரண்டாவது மனுவைக் கொடுக்கப் போகும்போது மாவுக்கட்டு பிரித்தாயிற்று, ஆனால் மணிக்கட்டு முழுசாக மடங்கவில்லை. ஆழ்வார்திருநகரிப் பக்கம் ஒரு வைத்தியரிடம் வாங்கிய எண்ணெய் மதினி பையில் இருந்தது. மனு கொடுக்க வருகிறவர்கள் தீக்குளிக்க மண்ணெண்ணெய் கொண்டுவருகிறார்களா என்று வாசலில் பையைச் சோதிப்பார்கள். பெண் போலீஸ் ஒருவர் பாட்டிலைப் பார்த்ததும் எங்களை ஓரமாக நிறுத்தினார். இன்னும் இருவர் வந்தார்கள். குடிமக்கள் ஏன் அந்த நிலைக்குப் போகிறார்கள் என்பதைச் சோதியுங்கள், பையை அல்ல என்று நான் ஆரம்பித்தேன். மதினியோ பாட்டிலைத் திறந்து அந்தப் பெண் போலீஸின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

அவர் முகர்ந்தார். மதினியின் கையைப் பார்த்தார். என்ன நடந்தது என்று கேட்டார். மதினி ஒரே வரியில் சொன்னார். மற்ற இருவரையும் அனுப்பிவிட்டு, அந்தப் பெண் போலீஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்: “போன மாசம் டூட்டிக்கு வரும்போது நானும் ஒரு பள்ளத்துல வண்டிய விட்டுட்டேன்க்கா. இந்த எண்ணெ முழங்காலுக்குக் கேக்குமா?”

ஆபீசர் வந்த நாள்

இரண்டாவது மனுவுக்குப் பலன் கிடைத்தது. வியாழக்கிழமை அதிகாரி நேரில் வந்து பார்வையிடுவார் என்று போன் வந்தது. எனக்கு அன்று பரீட்சை. குழிக்கு முன்னால் அவரை நிறுத்தி என்னென்ன கேட்க வேண்டும் என்று மதினிக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனேன்.

சாயங்காலம் வந்தபோது தெரு பளிச்சென்று இருந்தது. பிளெக்ஸைக் காணோம், கம்பைக் காணோம். குழிக்கு மேல் அகலமாக ஒரு மரக்கதவு கச்சிதமாகப் படுத்திருந்தது. சுற்றிலும் தண்ணீர் தெளித்துப் பெருக்கி, பக்கத்தில் கோலம். கதவு மதினி வீட்டுப் புறவாசல் கதவு. நான்கு பேர் சேர்ந்து கீலைக் கழற்றித் தூக்கிவந்திருக்கிறார்கள். அதிகாரி அதன்மேல் ஏறி நின்றே தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாராம். குழியைக் காட்டத்தானே அவரை வரச்சொன்னோம், அதைப் போய் மூடுவார்களா என்று நான் தொண்டை கட்டுமட்டும் கத்தினேன். தெருவே என்னை விசித்திரமாகப் பார்த்தது. மதினிக்கு மட்டும் கொஞ்சம் கூச்சம்.

அடுத்த நாள் மதினியின் போனுக்குக் குறுஞ்செய்தி வந்தது: ‘ஆய்வின்போது குழி ஏதும் காணப்படவில்லை. மனு தீர்வு செய்யப்பட்டது.’ நான் அதை மதினியிடம் நீட்டி, இப்போது சொல்லுங்கள் என்றேன். மதினி சொன்னார்: “ஏட்டி, நம்ம தெருவுக்கு வந்த மனுசன். அவரு விழுந்து கைய ஒடிச்சுக்கிட்டா நமக்குல்லா கேவலம்?”

நோட்டீஸ்

மூன்றாவது மனுவில் என் படிப்பு முழுவதையும் இறக்கினேன். அதிகாரி கண்டது மூடி அல்ல, மனுதாரரின் சொந்தப் புறவாசல் கதவு என்று ஆதாரத்தோடு நிறுவினேன். கீல் இருந்த இடத்தைக்கூடப் போட்டோ எடுத்து இணைத்தேன். இதற்கு மேல் தப்ப முடியாது என்று செல்வி அக்காவிடம் பீற்றிக்கொண்டேன்.

பத்து நாளில் பதில் வந்தது, பதிவுத் தபாலில், மதினி பெயருக்கு: ‘எமது அலுவலகத்துக்குச் சொந்தமான வாறுகாலின் மீது தாங்கள் அனுமதியின்றிக் கதவு அமைத்திருப்பது தங்கள் மனுவின் மூலமே தெரியவருகிறது. ஏழு நாட்களுக்குள் அதை அகற்றி எழுத்துமூலம் விளக்கம் அளிக்கவும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.’

கை முறிந்தவள்மேல் நடவடிக்கை. அதற்குச் சாட்சியம் நான் எழுதிய மனு. மதினியிடம் மன்னிப்புக் கேட்கத் தைரியம் வரவில்லை, ஆகவே அங்கேயே லேப்டாப்பைத் திறந்து விளக்கம் எழுத ஆரம்பித்தேன். உயிர்வாழும் உரிமையில் தொடங்கி இரண்டாவது பக்கத்துக்கு வந்துவிட்டேன். முத்துச்செல்வி பீடி சுற்ற, மதினி இடது கையால் எண்ணிக் கட்டிக்கொண்டிருந்தார். நோட்டீஸை இன்னொரு தடவை பைய வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். முதல் வரியிலேயே கையைக் காட்டி நிறுத்தினார்.

“யாருக்குச் சொந்தம்னு போட்டிருக்கான்?”

எமது அலுவலகத்துக்கு என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே உறைத்தது. மூன்று ஆபீஸ் ஏறி இறங்கி நான் கெஞ்சிக் கேட்ட அந்த ஒரு வரி, கையெழுத்தும் சீலுமாக என் மடியில் கிடந்தது. எம்.ஏ. படிக்கிற நான் அதைத் தாண்டி உரிமைக்குப் போய்விட்டேன். மதினி என் இரண்டு பக்கத்தையும் அழிக்கச் சொல்லிவிட்டு, அவரே சொல்லச் சொல்ல டைப் அடிக்கச் சொன்னார். மடங்காத கையால் கோணலாகக் கையெழுத்தும் போட்டார். ஆறாவது நாள் ஒரு வண்டியில் சிமெண்ட் பலகை வந்து குழிமேல் இறங்கியது.

எனது மூன்று மனுக்களின் பதினோரு பக்கங்களுக்கும் அசையாத அந்தப் பலகையை அசைத்த பதில், மனு எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன், இவ்வளவுதான்: “ஐயா, வாறுகால் உங்களுதுன்னு எழுதிக் குடுத்ததுக்கு ரொம்பச் சந்தோசம். எங் கதவ நான் எடுத்துக்கிடுதேன், உங்க மூடிய நீங்க போட்டுருங்க.”