ஆதாமுக்கு முன்னால் நான்கு விரல் காகிதம்

"அம்மா, ஆதாமுக்கு முன்னாடி இருந்த பேப்பரை ஏன் கட் பண்ணிட்டாங்க?" என்று என் ஏழு வயது மகள் ரூத் போன சனிக்கிழமை காலையில் கேட்டாள். கல்கத்தா நியூ டவுனில் எங்கள் ஒன்பதாம் மாடி வீட்டுக் கூடத்தில், அந்துருண்டையும் பழைய பசையும் கலந்த வாசனையோடு பத்து முழக் காகிதச் சுருள் ஒன்று தரையில் விரிந்து கிடந்தது. அதன் தலைப்பகுதியில் மண்டியிட்டு, கத்தரிக்கோல் கோணலாகப் போயிருந்த விளிம்பை அவள் விரலால் தடவிக்கொண்டிருந்தாள். அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு நான் எழுந்து போனேன். அடுப்பில் பால் இல்லை.

எங்கள் சபையில் அதற்கு "வம்சச் சுருள்" என்று பெயர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வேலைக்காகக் கல்கத்தாவுக்கு வந்து சேர்ந்த கிறிஸ்தவக் குடும்பங்கள் நாங்கள். பாலிகஞ்சில் வங்காளிச் சபையாரின் ஆலயத்தில், அவர்கள் காலையில் ஆராதனை முடித்துப் போனபின், மாலை நான்கு மணிக்குத் தமிழ் ஆராதனை நடக்கும். வருஷத்துக்கு ஒரு முறை வரும் சிறுவர் ஞாயிறன்று, பிள்ளைகள் சுவரோரம் வரிசையாக நின்று சுருளைப் பிடித்துக்கொள்வோம். ஆளுக்கொரு முற்பிதா. அவர் எத்தனை வயதில் மகனைப் பெற்றார் என்பதை ஒவ்வொருவராகச் சத்தமாகச் சொல்ல, என் அம்மாவின் அண்ணனான பெரிய மாமா கரும்பலகையில் கூட்டிக்கொண்டே வருவார். ஆதாமின் நூற்றுமுப்பதில் தொடங்கி இன்றைய நாள்வரை வந்து சேரும்போது பூமியின் வயது கிடைத்துவிடும். "ஆறாயிரம்!" என்று எல்லோரும் கத்துவோம். கையில் ஆளுக்கொரு சந்தேஷ் வைப்பார்கள். பூமியின் வயது எனக்கு அந்த இனிப்பின் ருசியோடுதான் அறிமுகமானது.

எனக்கு ஒன்பது வயதானபோது பழைய சுருளைப் பூச்சி அரித்துவிட்டதால் புதிதாக ஒன்று வரையும்படி மாமா அப்பாவிடம் கேட்டார். அப்பா நிலக்கரி அலுவலகம் ஒன்றில் வரைபடக்காரர், "டிராஃப்ட்ஸ்மேன்". திங்கள் முதல் சனி வரை பூமிக்கடியில் இருக்கும் அடுக்குகளைக் கோடுகோடாக வரைந்து, ஒவ்வொன்றின் ஓரத்திலும் கோடிக்கணக்கில் வயதை எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பார். இரண்டுக்கும் நடுவில் அவருக்கு எந்தச் சிக்கலும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாயிறு மதியம் மாமா குடும்பம் எங்கள் வீட்டில்தான் சாப்பிடும். ஆட்டுக்கறிக் குழம்போடு அவர்கள் சண்டையும் நடக்கும்.

"சூரியனையே நாலாம் நாள்தான மச்சான் படைச்சாரு? மொத மூணு நாளை எந்தக் கடியாரத்துல பாத்தாங்க?" என்பார் அப்பா.

"சிரியும் மாப்ள, சிரியும். இன்னைக்குப் படைப்போட நாளை நீட்டுவீரு. நாளைக்குக் கர்த்தர் மூணாம் நாள் கல்லறையிலேருந்து எழும்புனதையும் நீட்டுவீரு. எங்க போய் நிப்பீரு?" என்பார் மாமா.

அவர் கேட்டது சாதாரணக் கேள்வியல்ல என்று இப்போது புரிகிறது. வேதத்தில் எழுதியிருப்பது அப்படியே நடந்தது என்பதுதான் அவரைத் தாங்கி நின்ற ஒரே தூண். ஒரு செங்கலை உருவினாலும் எல்லாம் சரிந்துவிடும் என்று அவர் நிஜமாகவே பயந்தார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், இருவரும் இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொள்வார்கள் என்பதுதான்.

அப்பா சுருளை எழுதி முடித்து மேஜையில் காயவிட்டிருந்தார். பக்கத்தில் அலுவலகப் படம் ஒன்றும் இருந்தது. அதில் நிலக்கரி அடுக்குக்குள், நாக்கு வடிவத்தில் நரம்புகள் தெரிய ஓர் இலை. எனக்கு அந்த இலையை ரொம்பப் பிடிக்கும். சுருளில் ஆதாமுக்கு முன்னால் நான்கு விரல் அகலம் காகிதம் வெறுமையாக இருந்தது. அப்பா விட்டுவிட்டார் என்று நினைத்தேன். மாமாவின் சுருளையும் அப்பாவின் படத்தையும் சேர்த்துவிட்டால் இருவருக்கும் சந்தோஷமாக இருக்கும் என்றும் நினைத்தேன். டிரேசிங் தாளில் அப்பாவின் எழுத்துகள்மேல் எழுதி எழுதி அவர் கை எனக்கு நன்றாகப் பழகியிருந்தது. அவருடைய பேனாவாலேயே இலையை வரைந்து, கீழே "இருபத்தைந்து கோடி" என்று எழுதினேன். காய்ந்ததும் சுருட்டிக் கட்டிவைத்தேன். ஆதாம் உள்பக்கம் போய்விட்டதால் யாரும் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஆதாமைப் பிடிக்கும் முறை எனக்கு. சுருள் விரிந்துகொண்டே வந்தது. தாவீது, ஆபிரகாம், நோவா, மெத்தூசலா. கடைசியில் என் கையில் ஆதாமும், அவனுக்கு முன்னால் என் இலையும். முதலில் யாரோ சிரித்தார்கள். மாமா சாக்பீஸோடு கிட்டே வந்து குனிந்து வாசித்தார்.

"மாப்ள, இது என்ன?"

அப்பா எழுந்து வந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு நொடிகூட இருக்காது.

"எடம் மிச்சம் இருந்துச்சு மச்சான்" என்றார்.

"ஆதாம் பாவஞ்செஞ்சாப்புறந்தான மரணமே வந்துச்சு? அதுக்கு முந்தியே செத்துப்போன எலையைக் கொண்டாந்து பிள்ளைங்க கையில குடுக்கீரே, அப்ப கர்த்தர் எதுக்கு மரிச்சாரு?" மாமாவின் குரல் உடைந்தது. ஆலய அலுவலகத்திலிருந்து கத்தரிக்கோல் வாங்கிவரச் சொல்லி, நான் பிடித்துக்கொண்டிருக்கும்போதே அந்தத் துண்டை வெட்டினார். கோணலாகப் போனது. பிறகு "ஆதாம், சொல்லு ஏட்டி" என்றார். "நூற்றுமுப்பது" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது.

அடுத்த ஞாயிறு சபை முன்னால் "நான் எழுதியது தவறு" என்று அப்பா சொல்ல வேண்டும் எனக் கமிட்டியார் முடிவு செய்தார்கள். அப்பா சொல்லவில்லை. "தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா என்ன தேஞ்சா போயிருவீங்க?" என்று அம்மா வாரக்கணக்கில் அழுதாள். தவறு என்று சொன்னால் அவர் வரைந்து பிழைக்கும் படங்களெல்லாம் பொய்யாகும். தான் எழுதவில்லை என்று அவர் சொன்னால் எல்லாக் கண்களும் என்மேல் திரும்பும். வேதபாடம் வாசிக்கும் பொறுப்பு வேறொருவருக்குப் போனது. அதன்பின் அப்பா காலையில் வங்காளி ஆராதனைக்குப் போய், பாதி புரிந்த பிரசங்கத்தைக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுவிட்டு வருவார். ஞாயிறு சாப்பாடு நின்றது. மீன் கடையில் மாமாவை நேருக்கு நேர் பார்த்துவிட்டால் இருவரும் ஆளுக்கொரு பக்கம் திரும்பி, வாங்காத மீனுக்கு விலை பேசுவார்கள்.

அப்பா என்னிடம் அதைப் பற்றி ஒரே ஒரு முறைதான் பேசினார். சில மாதங்கள் கழித்து என் காப்பி நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தவர், "கோடின்னு எழுதுறப்ப கொம்பை இவ்வளவு சுழிக்காத. நான் அப்படிப் போடமாட்டேன்" என்றார். பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

நான் கல்லூரியில் மூன்றாம் வருஷம் படிக்கும்போது அவர் இறந்தார். மாமா வந்து சவப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, "ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா மாப்ள" என்று வாய்விட்டு அழுதார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பூமாலையைச் சரிசெய்தேன்.

இப்போது அந்தக் கரும்பலகை இல்லை. சந்தேஷ் வாங்கிய கடை இருந்த இடத்தில் மொபைல் கடை இருக்கிறது. சபையில் பிள்ளைகள் ஒன்பது பேர்தான், ஆளுக்கு மூன்று நான்கு முற்பிதாக்களைச் சுமக்கிறார்கள். மாமாவுக்கு எண்பதாகிறது. அவரும் சுருளும் மட்டும் மிச்சம். போன வாரம் போன் செய்தார். "ஏட்டி, சுருள் ஓரமெல்லாம் கிழிஞ்சுபோச்சு. ஒங்கப்பா கை ஒனக்குத்தான் வரும், குடுத்து விடுறேன், ஒட்டித் தா. இந்த வருஷம் ஆதாம் ஒம் மவதான்." "சரி மாமா" என்றேன். எதற்குமே எனக்கு அந்தப் பதில்தான் வருகிறது.

ரூத் விடுவதாக இல்லை. "ஸ்கூல்ல மிஸ் பூமிக்கு நானூத்தம்பது கோடி வயசுன்னு சொன்னாங்க. தாத்தா ஆறாயிரங்கிறாங்க. தாத்தாவுக்கு அங்கோ வராதாம்மா?" என்கிறாள். அவள் தாத்தா என்பது மாமாவைத்தான்; கணக்கு என்பதற்கு அவளுக்கு வங்காள வார்த்தைதான் முதலில் வருகிறது. "ரெண்டையும் சொல்லு, வளந்து அவளே முடிவு பண்ணட்டும்" என்கிறார் என் கணவர். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் நானும் ஒன்பது வயதில் இரண்டையும்தானே ஒரே காகிதத்தில் எழுதினேன்? அவள் இந்த ஞாயிற்றுக்கிழமை, சிறுவர் ஞாயிறன்று, எல்லார் முன்னாலும் ஆதாமைப் பிடித்துக்கொண்டு இதைக் கேட்டுவிட்டால் நான் எழுந்து நிற்பேனா என்று எனக்கே தெரியவில்லை.

வாசிக்கிறவர்களிடம்தான் கேட்கிறேன். எண்பது வயதானவரிடம் போய், அதை எழுதியது நான் என்று இப்போது சொல்வது அப்பாவுக்குச் செய்யும் நியாயமா, அல்லது என் மனச்சுமையை அந்தக் கிழவர் தலையில் இறக்கிவைப்பதா? ரூத்தை வரிசையில் நிற்கச் சொல்லவா, காய்ச்சல் என்று பொய் சொல்லவா? கோணல் விளிம்போடு புதிய வெள்ளைக் காகிதத்தை ஒட்டிவிட்டேன். அளக்காமல்தான் வெட்டினேன், ஆனாலும் நான்கு விரல் அகலம் வந்திருக்கிறது. பசை காய்ந்துவிட்டது. "இதுல என்னம்மா வரையணும்?" என்று கேட்டுக்கொண்டு அவள் பென்சிலோடு உட்கார்ந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் யாராவது சொல்லுங்கள்.