பாய்லருக்குப் போட்ட பாதை

மலாயாவில் கோப்பெங் பக்கத்து ஈயச் சுரங்கத்துக்கு ஒரு ராட்சத பாய்லர் வரப்போகிறது என்றார்கள். வழியில் இருந்த ஓடைக்கு மரப்பாலம்தான். மாட்டுவண்டி போனாலே முனகும். அதனால் பாலத்தை ஒட்டி, ஓடைக்குள் இறங்கி மறுகரையில் ஏறுகிற மாதிரி தனிப்பாதை போடச் சொன்னார்கள்.

ரப்பர் தோட்டத்திலிருந்து ரோட்டு வேலைக்குத் தற்காலிகமாக வந்த பத்துக் குடும்பங்கள் நாங்கள். நான்தான் மண்டோர், கூட்டத்துக்கு மேஸ்திரி. பாதை தாங்கினால் ரோட்டு வேலை நிரந்தரம், ரோட்டோரம் குடியிருக்க வீடு. தாங்காவிட்டால் பழையபடி தோட்டத்து லயம், விடியுமுன் பிரட்டு வரிசையில் நின்று பேர் கொடுக்கும் பிழைப்பு. எனக்கு அதை நினைத்தாலே குமட்டும்.

ரோட்டு வேலைக்கு அதிகாரியான வெள்ளைக்காரத் துரை காகிதத்தில் வரைந்திருந்த ஏற்றம் குட்டையாக, செங்குத்தாக இருந்தது. ஊரில் தேர் இழுத்தவன் நான், சும்மா இருப்பேனா? ஏற்றம் நீளமாகப் படுக்க வேண்டும், வளைவு அகலமாக வேண்டும் என்று பாதைக்கு அளவு காட்ட அவர் அடித்த முளைகளைப் பிடுங்கித் தள்ளி நட்டேன். அவர் முகம் சிவந்தது. ஆனாலும் ஒரு வண்டி நிறையக் கல்லேற்றி அவர் சரிவு, என் சரிவு இரண்டிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு, என் முளைகளை அப்படியே விட்டார். அன்று நான் தரையில் நடக்கவில்லை.

அடியில் பெரிய கல்லைக் கையால் அடுக்கினோம். மேலே ஜல்லி, அதற்கும் மேலே செம்மண், திம்சுக் கட்டையால் இடித்து இறுக்கினோம். பாய்லர் வரும் காலையில் பெண்கள் குடத்தோடு வந்தார்கள். தேர் வரும் தெருவில் தண்ணீர் தெளித்துக் கோலம் போடுவதுதானே வழக்கம்! தெளித்ததோடு விட்டிருக்கலாம். புழுதி பறக்கக் கூடாது, நன்றாக ஊற்றுங்கள் என்று நான்தான் விரட்டினேன். மஞ்சள் தண்ணீர் ஏற்றம் முழுவதும் வழிந்தது.

நீராவி எஞ்சின் பாய்லர் வண்டியை இழுத்துக்கொண்டு ஏறியது. பாதி ஏற்றத்தில் சக்கரம் வழுக்கிச் சேற்றில் புதைந்தது. ஓடிப்போய்ப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கட்டை கொடுத்தேன். சேற்றை வழித்து, காய்ந்த ஜல்லி கொட்டி, பலகை போட்டோம். தேருக்குப் போடுவது போல நீளக் கட்டையால் சன்னை போட்டுச் சக்கரத்தை நெம்பினோம். எஞ்சின் ஒரு முழம் இழுக்கும், நான் முட்டுக்கட்டையை நகர்த்துவேன். அப்படியே முழம் முழமாகப் பாய்லர் மேலே போய்ச் சேர்ந்தது.

பாதை ஏன் இளகியது என்று துரை கேட்டார். மொழிபெயர்த்த கிராணி, ஆபீஸ் குமாஸ்தா, தமிழர்; எங்கள் மேல் இரக்கம். முந்தின நாள் லேசாகத் தூறியிருந்தது வேறு.

“மழைன்னு சொல்லிடுங்க அண்ணே,” என்றார் மெதுவாக.

நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பத்துக் குடும்பமும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது. ஆனால் நல்லபடியாகக் கட்டிய பாதையின் மேல் பழி போட எனக்கு மனசு வரவில்லை.

“மழை இல்லங்க துரை. நான்தான் தண்ணி ஊத்தச் சொன்னேன். பாதை மேல குத்தம் இல்ல.”

துரை சக்கரத் தடத்தில் இறங்கி, கம்பால் குத்திப் பார்த்தார். அடுக்கிய கல் ஒன்றுகூட அசையவில்லை. பிறகு கிராணியிடம் நீளமாக ஏதோ பேசினார். மழை என்று சொல்லியிருந்தால், தூறலுக்கே இளகும் பாதைக்கு அடித்தளமே சரியில்லை என்று முழுப் பாதையையும் தோண்டிப் போட்டிருப்பாராம், எங்களையும் தோட்டத்துக்கே அனுப்பியிருப்பாராம். அதைத் தமிழில் சொல்லிவிட்டுக் கிராணி என் கையைப் பிடித்தார்.

“தாப்பா பக்கம் இன்னொரு ஓடை இருக்காம் அண்ணே. இதே ஆளுங்களோட வரச் சொல்றாரு, வேலை நிரந்தரமாம். முளைய நீங்களே அடிக்கணுமாம்.”

பெண்கள் பக்கம் திரும்பி, இனி லயத்துக்குப் போக வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியாமல் அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்து அழுதேன்.