நிறுக்காத கொழுந்து

மழைக்காகக் கண்டி மாவட்டத்துக்கு விசேட விடுமுறை என்று அறிவித்தால் எங்கள் அலுவலகத்துக்கு லீவு. என் அக்காவுக்கு வேலை. நான் பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அவள் ஹுன்னஸ்கிரிய பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கொழுந்து பறிக்கிறாள். இருவரும் ஒரே லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், ஒரே காம்பிராவில் பிறந்தவர்கள்தான். அரசாங்கம் அறிவிக்கும் அனர்த்தம் என் மேசைவரை வரும், அவளுடைய மலைக்கு ஏறாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. அடக்கிக்கொள்ளும் உத்தேசமும் இல்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மலை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிட்டால் மண்சரிவு எச்சரிக்கை வரும். மஞ்சள் என்றால் கவனமாக இரு, செம்மஞ்சள் என்றால் ஆயத்தமாக இரு, சிவப்பு என்றால் எழுந்து போ. அது எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கிராம உத்தியோகத்தரின் தொலைபேசிக்குப் போய், அங்கிருந்து ஊருக்குப் போகும். பள்ளிக்கூடம் மூடும், எங்கள் கந்தோரும் மூடும். தேயிலைக்கு மட்டும் இந்த நிறங்கள் தெரியாது. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டால் மலைக்குப் போகத்தான் வேண்டும்.

பக்கத்து மலை ஒன்று இறங்கி வீடுகளை மூடிய பிறகு மேலிடத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. தோட்டங்களில் அனர்த்த முகாமைத்துவப் பயிற்சி நடத்தச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. எங்கள் பிரிவில் தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். ஆகவே பயிற்றுவிப்பாளருக்கு மொழிபெயர்ப்பாளராக என்னை அனுப்பினார்கள். முதலில் போனது அக்காவின் தோட்டத்துக்கு.

பயிற்றுவிப்பாளர் நல்ல மனிதர். என்னை ‘நங்கி’, தங்கச்சி, என்றுதான் கூப்பிடுவார். பளீரென்ற ஒரு மேற்சட்டை, கழுத்தில் விசில், கையால் சுற்றுகிற ஒரு சைரன், இவற்றோடு வந்து இறங்கினார். பாறை மேல் நிற்கிற கோயில் மண்டபம்தான் பாதுகாப்பான இடம் என்று முடிவாகியிருந்தது. அங்கேயே திரை கட்டிப் படம் காட்டினார். வெடித்த சுவர், சாய்ந்த மரம், திடீரென்று கலங்கி ஓடும் ஊற்று. பெண்கள் மரியாதையாகப் பார்த்தார்கள். கேள்வி ஏதும் உண்டா என்று அவர் கேட்டபோது பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது.

“இன்னைக்குப் பேர் போடுவாங்களா?”

அவருக்கு விளங்கவில்லை. நான் விளக்கினேன். தோட்டத்தில் ஒரு நாள் வேலையை ‘பேர்’ என்பார்கள். சொன்ன நிறைக்குக் கொழுந்து கொடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். கொடுக்காவிட்டால் அந்த நாள் உங்கள் வாழ்க்கையிலேயே இல்லை. அவர் தலையாட்டிக்கொண்டார். அது தன் பாடத்தில் இல்லாத விஷயம் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் ஒத்திகை. பெண்கள் மலையில் பறித்துக்கொண்டிருக்கும்போது சைரன் அடிக்கும். உடனே எல்லாவற்றையும் விட்டுவிட்டு மண்டபத்துக்கு வர வேண்டும். அப்படித்தான் ஏற்பாடு. அவர் சுற்றினார். நாய்கள் ஊளையிட்டன. மலையிலிருந்து பெண்கள் இறங்குவது தெரிந்தது. தள்ளுமுள்ளு இல்லை, கூச்சல் இல்லை, அப்படி ஒரு வேகம். பயிற்றுவிப்பாளருக்கு வாயெல்லாம் பல். “பார், நங்கி, என்ன ஒழுங்கு!” என்றார்.

கவ்வாத்து வெட்டிய மலையின் அடியில் பாதை இரண்டாகப் பிரியும். ஒன்று மேலே கோயிலுக்கு. மற்றது கீழே கொழுந்து மடுவத்துக்கு, அதாவது கொழுந்து நிறுக்கிற கொட்டிலுக்கு. முன்னால் வந்தவள் கீழே திரும்பினாள். பின்னால் வந்த அத்தனை பேரும் கீழே திரும்பினார்கள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது தராசுக்கு முன்னால் வரிசை கட்டி நிற்கிறார்கள், முதுகில் கூடையோடு.

பயிற்றுவிப்பாளர் விசிலை ஊதித் தள்ளினார். “இங்கே என்ன செய்கிறார்கள்? எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று சொல்லு நங்கி!” என்று சிங்களத்தில் கத்தினார்.

“நீங்க எல்லாரும் செத்துப் போயிட்டீங்களாம்” என்றேன்.

சிரிப்பு வெடித்தது. அக்கா வரிசையை விட்டு நகராமலே சொன்னாள்: “செத்தாலும் கொழுந்த நெறுத்துட்டுத்தான் சாகணும் சேர். நெறுக்காத கொழுந்துக்கு யாரு பேர் போடுவா?”

நானும் சிரித்தேன். சிரித்து முடிப்பதற்குள் அது கண்ணில் பட்டது. மடுவத்துக்குப் பின்னால் செங்குத்தாக வெட்டிய மண்மேடு நிற்கிறது. உண்மையாகவே ஒரு நாள் சிவப்பு வந்தால், அக்கா இதே இடத்தில், இதே வரிசையில், அந்த மண்ணுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தன் முறைக்காகக் காத்து நிற்பாள். எனக்கு அன்றைக்குப் பிடித்த பயம் அதற்குப் பிறகு விடவேயில்லை.

அலுவலகத்துக்கு வந்ததும் பயிற்றுவிப்பாளர் அறிக்கை எழுதினார். தோட்ட மக்களிடம் விழிப்புணர்வு போதாது, பயிற்சியைத் திரும்ப நடத்த வேண்டும் என்று அதில் இருந்தது. அதைத் தமிழில் எழுதிக் கையொப்பம் வைக்கச் சொன்னார்கள். முடியாது என்றேன். மலை சரியும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, மண்ணை நம்பாமல்தான் அங்கே நான்கு தலைமுறை படுத்து எழும்பியிருக்கிறது. எச்சரிக்கை வந்த நாளுக்கு முழுப்பேர் உண்டு என்று தோட்டம் ஒரு வார்த்தை சொல்லட்டும், மடுவத்துப் பக்கம் ஒருத்தியும் எட்டிப்பார்க்க மாட்டாள். விழிப்புணர்வு போதாதது யாருக்கு? இதைத்தான் பிரதேச செயலாளர் மேடத்திடம் கேட்டேன், கொஞ்சம் சத்தமாகவே.

மேடம் கெட்டவர் அல்ல. சம்பளம் தோட்டக் கம்பனிக்கும் தொழிற்சங்கத்துக்கும் இடையிலான விஷயம், நாம் தலையிட முடியாது என்றார். நான் விடவில்லை. கடைசியில், நச்சரிப்புத் தாங்காமல், தோட்டத்தில் ஒரு கூட்டம் போடச் சம்மதித்தார்.

கூட்டம் தோட்டத்துக் கந்தோர் வாசலில் நடந்தது. மேடத்துக்கும் தோட்ட முகாமையாளரான துரைக்கும் கதிரை போட்டிருந்தது. பெண்கள் நின்றார்கள். துரை புதியவர், இளைஞர். தமிழில் ‘வா’, ‘போ’ இரண்டும் சரளமாகப் பேசுவார். அவர் மேடத்தின் பக்கம் சாய்ந்து ஆங்கிலத்தில் சொன்னார்: “மழைக்கெல்லாம் இறங்கவிட்டால் இவர்களுக்கு வருடம் முழுக்க மழைதான். இறங்கினால் அரைப்பேர். வயிறு காய்ந்தால் தானாக மலைக்கு ஏறுவார்கள்.” பிறகு என் பக்கம் திரும்பி, “தோட்ட நிர்வாகம் பூரண ஒத்துழைப்புத் தரும் என்று சொல்லுங்கள்” என்றார்.

நான் சொன்னேன். அதற்கு முன்னால் அவர் சொன்னதையும் சேர்த்துச் சொன்னேன், ஒரு வார்த்தை கூட்டாமல், ஒரு வார்த்தை குறைக்காமல். மொழிபெயர்க்கத்தானே என்னைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

அக்கா ஒரு அடி முன்னால் வந்தாள். “சரி தொர. செவப்பு வந்தா எங்கள மலைய விட்டு எறங்கச் சொல்ல வேண்டியது யாரு? கவர்மெண்டா, நீங்களா?”

இதையும் மொழிபெயர்த்தேன். துரை மேடத்தைப் பார்த்தார். மேடம் கைப்பையைப் பார்த்தார். “சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டாராம்டி” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி. அதை ஆங்கிலத்தில் சொல்லக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன். ஆனாலும் விடவில்லை.

திரும்பும் வழியில், தெல்தெனிய தாண்டியதும் மேடம் கேட்டார்: “நீ உத்தியோகத்தராகப் போனாயா, தங்கச்சியாகப் போனாயா?”

“ரெண்டாகவும்தான் மேடம். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டுப் போக எனக்குத் தெரியாது.”

விளக்கம் கேட்டுக் கடிதம் வரும் என்றார். வந்தது. பயமில்லை என்று சொன்னால் பொய். எங்கள் லயத்திலிருந்து அரசாங்க வேலைக்குப் போன முதல் ஆள் நான். அந்த வேலை என்ன விலை என்று எனக்குத் தெரியும். ஆனால் கண்ணை மூடினால் தெரிவது அந்த வரிசைதான். சொன்னதைச் சொன்னேன், இனியும் சொல்வேன் என்று விளக்கம் எழுதிக் கொடுத்தேன்.

அடுத்த பருவ மழை விடாமல் அடித்தது. கண்டியில் வாவி நிரம்பி வழிந்தது, மாவட்டத்துக்கு விடுமுறை அறிவித்தார்கள். அனர்த்தக் கடமையில் இருந்ததால் எனக்கு அன்று லீவு இல்லை. காலையிலேயே சிவப்பு வந்துவிட்டது, அக்காவின் தோட்டத்துப் பெயரோடு. மேடம் என்னைக் கூப்பிட்டார். கடிதத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. “ஜீப்பை எடுத்துக்கொண்டு நீயே போ” என்றார்.

போய்ச் சேர்ந்தபோது பெண்கள் மலையில். கோயில் மண்டபத்து வாசலில் நின்று சைரனை நானே சுற்றினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. மலை முழுக்கப் பனி, ஆள் தெரியவில்லை. அப்புறம் பாதை பிரிகிற இடத்தில் தலையில் போர்த்திய பொலித்தீன் கொங்காணிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. முன்னால் அக்கா. முதுகில் கூடை நிறையக் கொழுந்து.

அங்கே வந்து வரிசை நின்றது. மடுவத்திலிருந்து, கொழுந்து நிறுக்கிற கணக்கப்பிள்ளையின் சத்தம் கேட்டது. “இங்கிட்டு வாங்க! நெறுத்துக் குடுத்துட்டுப் போங்க!” நான் சுற்றுவதை நிறுத்திவிட்டேன். ‘மேலே வா அக்கா’ என்று கத்த வாயெடுத்தேன்.

அக்கா கீழே ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேலே திரும்பினாள். கூடையை இறக்கவில்லை, கொட்டவில்லை, முதுகில் சுமந்தபடியே ஏறினாள். மற்றவர்களும் ஏறினார்கள். நான் அழுதேன். மழையில் யாருக்கும் தெரியவில்லை, தெரிந்தாலும் எனக்குக் கவலையில்லை.

கணக்கப்பிள்ளை மூச்சு வாங்க மண்டபத்துக்கு ஏறி வந்தார். “கொழுந்து வாடுது, லொறி நிக்குது. கொண்டாந்து குடுத்துட்டு வந்து ஒக்காருங்களேன்” என்று கெஞ்சினார்.

“தராச மேல கொண்டாங்க” என்றாள் அக்கா. “இங்கயே நெறுத்து எடுத்துக்கிட்டுப் போங்க.”

“தராசு மடுவத்துலதான் இருக்கணும். அதான் வழக்கம்.”

“நாங்களும் இந்நேரத்துக்கு மலையிலதான் இருக்கணும். எறங்கி வரலையா?”

அவர் துரைக்குத் தொலைபேசி எடுத்தார். அந்தப் பக்கத்துச் சத்தம் எங்களுக்கே கேட்டது. பெண்கள் கூடைகளைச் சுற்றி உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மனிதர் வாடினால் கம்பனிக்குப் பரவாயில்லை, கொழுந்து வாடினால் தாங்காது. தராசு வந்தது. திருவிழா விளக்குக் கட்டுகிற வளையத்தில் அதை மாட்டி, சாமி பார்த்திருக்க, கொழுந்து நிறுத்தார்கள்.

மலை சரியவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும். எச்சரிக்கை குறையும்வரை எல்லாரும் மண்டபத்திலேயே இருந்தார்கள். மடுவத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடும் அப்படியே நின்றது. அது துரைக்கு நல்ல வசதியாகப் போயிற்று. மலையிலிருந்து பாதி நாளில் இறங்கியதால் அன்றைக்கு எல்லாருக்கும் அரைப்பேர் என்று உத்தரவு போட்டார்.

சிவப்பு நீக்கப்பட்ட காலையில், லயங்களுக்குத் திரும்பலாம் என்று அறிவிக்க நான்தான் போனேன். வெயில் சுள்ளென்று அடித்தது. பெரட்டுக்குக் கூப்பிட்டாயிற்று, பெரட்டுக் களத்தில் ஒருத்தியும் இல்லை. எல்லாரும் மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். துரை ஜீப்பில் வந்து இறங்கினார். மலையை ஒரு கையால் காட்டிக்கொண்டு என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டார்: “மழை இல்லை. மலை இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்றைக்கு என்ன அனர்த்தம் என்று கேளுங்கள்.”

கேட்டேன்.

“அரைப்பேருதான் அனர்த்தம்னு சொல்லு” என்றாள் அக்கா. “அத நீக்குனதும் நாங்க எறங்குறோம்.”

மேடம் அனுப்பிய உத்தியோகத்தராக அங்கே நின்று, அதை நான் துரைக்கு நிறுத்தி நிதானமாக ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. கீழே லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். துரை கொஞ்ச நேரம் அங்கேயும் இங்கேயும் நடந்தார், யாருக்கோ தொலைபேசி எடுத்தார். பிறகு கணக்கப்பிள்ளையைக் கூப்பிட்டு முழுப்பேர் போடச் சொன்னார். இந்த ஒரு நாளுக்கு மட்டும்தான், இனி இல்லை என்று சொல்லச் சொன்னார்.

அதையும் சொன்னேன்.

அக்கா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, கூடையை முதுகில் போட்டுக்கொண்டாள்.

“அடுத்த மழைக்கும் எறங்குவோம்னு சொல்லிரு.”