களி உண்டு

ரப்பர் பந்தைப் பார்த்து அழுத பெண்ணை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். போன வாரம், மறையூரில்.

மறையூரில் எனக்கென்ன வேலை என்று கேட்காதீர்கள். என் தங்கை இப்போதுதான் அங்கே குடிபோயிருக்கிறாள். அவள் கணவருக்கு வனத்துறை ஆபீஸில் குமாஸ்தா உத்தியோகம். பாலக்காட்டுக் கல்பாத்தி வெயிலுக்குப் பயந்து மலை ஏறினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். போன இடத்தில் சும்மா இருக்கக் கூடாதோ? எனக்கு அது வராது. பக்கத்து வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது. இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற உங்களுக்கு இது புதிய செய்தியல்ல.

பக்கத்து வீட்டில் குடியிருந்தவள் சாராம்மா. கோட்டயத்துப் பெண், சின்ன வயது. மலைவாசிகளுக்குச் சமூக சேவை செய்கிற வேலை. மேலே மலையில் முதுவர்களின் குடி ஒன்று இருக்கிறது — குடி என்றால் அங்கே ஊர். அதன் ஓரத்தில் ஒரு புல் கொட்டகை போட்டு, சின்னக் குழந்தைகளுக்காகப் பாலவாடி ஆரம்பித்திருந்தாள். குழந்தைகளை விளையாட விடுவது, குளிப்பாட்டுவது, சொறி சிரங்குக்கு மருந்து போடுவது... இப்படி.

முதல் நாளே எங்களோடு ஒட்டிக்கொண்டாள். "இந்நு நல்ல திவசமாணு" என்று அவள் வாசலில் நின்று சொன்னதும் என் தங்கை முகம் வெளுத்துவிட்டது. திவசம் என்றால் மலையாளத்தில் நாள். நம் வீடுகளில் அது வேறு சமாச்சாரம் அல்லவா? நான்தான் சிரித்துக்கொண்டே விளக்கிச் சொன்னேன். பாலக்காட்டில் வாழ்க்கைப்பட்ட எனக்கு இரண்டு பாஷையும் ஒரே வாயில் குடியிருக்கிறது.

அந்தச் சாராம்மா ஒரு சாயங்காலம் மலையிலிருந்து இறங்கி வந்து எங்கள் வாசற்படியில் உட்கார்ந்தாள். மடியில் ஒரு தகரப் பெட்டி. திறந்தாள். ரப்பர் பந்து, மர யானை, கலர் மணிகள். எல்லாம் வைத்தது வைத்தபடி.

"ஒரு குட்டியும் வந்நில்லா மாமி," என்றாள். பந்தைக் கையில் எடுத்தாள். அழுதுவிட்டாள்.

முதல் நாள் கொட்டகை நிறையக் குழந்தைகளாம். மறுநாளிலிருந்து ஈ காக்காய் இல்லை. வெள்ளிக்கிழமை மேலதிகாரி வருகிறார். கொட்டகை காலியாக இருந்தால் பாலவாடியை அடிவாரத்துக்கு மாற்றிவிடுவார். அப்படி மாற்றினால் அந்தக் குடியின் குழந்தைகளுக்கு மருந்தும் இல்லை, சாராம்மாவும் இல்லை. அவ்வளவு தூரம் எந்தக் குழந்தை இறங்கி வரும்?

ஏன் வரவில்லை? ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். "மலை ஜனங்களுக்குக் கூச்சம் ஜாஸ்தி," என்றார் தங்கையின் கணவர். "கண் பட்டிருக்கும்," என்றாள் தங்கை. வெல்லக் கடைக்காரருக்கோ எல்லாமே எல்லைத் தகராறுதான். "மலையாளத்துக்காரிய அனுப்புனா தமிழ் பேசுற புள்ளைக எப்படிம்மா வரும்?" என்றார். அவரவர் தலையில் ஏற்கெனவே இருந்ததை எடுத்துக் கொடுத்தார்கள். குடிக்குப் போய்க் கேட்டவர் மட்டும் யாருமில்லை.

"முதல் நாள் என்னதான் பண்ணினாய்?" என்று நான் சாராம்மாவைக் குடைந்தேன். குழந்தைகள் எல்லோரும் கையில் ஆளுக்கொரு பெரிய இலையோடு வந்தார்களாம். விளையாடத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று, இவள் இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதக் கற்றுக் கொடுத்தாளாம். "நல்ல ரசமாயிருந்நு மாமி," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. ரொம்ப வேடிக்கையாக இருந்ததாம்.

இலையா? இலை எதற்கு? என் மண்டைக்குள் புழு புகுந்துவிட்டது.

மறுநாள் முழங்காலைத் தடவிக்கொண்டே அவளோடு மலை ஏறினேன். வழியெல்லாம் தைலப்புல் வாசனை. முதுவர் பெண்கள் அந்நிய ஆண்களைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். நாங்கள் பெண்கள், அதனால் திருப்பவில்லை. ஆனால் யாரும் பேசவும் இல்லை. கடைசியில் பேச்சி என்ற ஒருத்தி நின்றாள். முதுகில் துணியால் கட்டிய குழந்தை. அதன் காலில் சிரங்கு.

"குழந்தைகளை ஏன் அனுப்பலை? இந்தப் பொண்ணு வந்து வந்து காத்துண்டிருக்காளே," என்றேன்.

"அனுப்புனோமே," என்றாள் பேச்சி. "களி உண்டுன்னு இவுகதானே வீடு வீடா வந்து சொன்னாக. காலையில ஒண்ணும் குடுக்காம, கையில எலையக் குடுத்து அனுப்புனோம். அந்திக்கு வயிறு ஒட்டிப்போயி வந்துச்சுக."

இதில் சாராம்மாவுக்குப் புரிந்தது ஒரே ஒரு வார்த்தை. முகம் மலர்ந்துவிட்டது. "அதெ, அதெ. களி உண்டு. எந்நும் களி உண்டு," என்று தகரப் பெட்டியைத் திறந்து பந்தை நீட்டினாள்.

பேச்சி பந்தைப் பார்த்தாள். சாராம்மாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் சீக்கிரம் மறக்க மாட்டேன்.

உங்களுக்குப் புரிந்துவிட்டதா? மலையாளத்தில் களி என்றால் விளையாட்டு. நமக்குக் களி என்றால் கேப்பைக் களி. எழுத்தும் ஒன்றே, உச்சரிப்பும் ஒன்றே — ஆனால் ஒன்று வயிற்றுக்குள் போகும், இன்னொன்று போகாது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சாராம்மாவுக்கு விஷயத்தைச் சொன்னேன். சொல்லி முடித்ததும் என் சிரிப்பு எங்கோ போய்விட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "விசந்நு நிந்ந குட்டிகளுக்கு ஞான் பீப்பி ஊதிக் கொடுத்தல்லோ மாமி..." பசியோடு நின்ற குழந்தைகளுக்குப் பீப்பி.

பேச்சிக்கும் விளக்கினேன். "அவா ஊர்ல களின்னா விளையாட்டும்மா. வேணும்னு ஏமாத்தலை."

பேச்சி சிரிக்கவில்லை. யோசித்தாள். "வெளாட்டுச் சொல்லிக் குடுக்க ஒரு ஆளா? எங்க புள்ளைக வெளாடாமலா கெடக்குதுக?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எந்த ஆபீஸிலும் இதற்குப் பதில் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னாள்: "திங்கக் கூப்புட்டுட்டு வெறும் வயித்தோட அனுப்புறது எங்கள்ல கெடையாது. அதான்."

கூச்சமும் இல்லை, கண்ணும் படவில்லை, எல்லையும் இல்லை. விருந்துக்கு அழைத்துவிட்டு இலையில் ஒன்றும் போடாத வீட்டுக்கு நீங்களானால் மறுபடி போவீர்களா?

வியாழக்கிழமை சாராம்மா கேப்பை மாவும் மறையூர் வெல்லமும் வாங்கிக்கொண்டு கிளம்பினாள். நானும் கூடவே. கொட்டகையில் கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினோம். அவள் ஜென்மத்தில் களி கிண்டியதில்லை. எனக்குத் தெரிந்தது திருவாதிரைக் களி ஒன்றுதான், அது அரிசி. ஆளுக்கொரு யோசனை சொல்லி, மாவைக் கொட்டி, கிண்டு கிண்டு என்று கிண்டி... ஒரே புகை. கட்டி கட்டியாக உருண்டது.

புகையைப் பார்த்துப் பேச்சி வந்தாள். அவளுக்குப் பின்னால் நாலைந்து பேர். பானைக்குள் எட்டிப் பார்த்தாள். "இதென்ன களியா, கல்லா?" என்றாள். துடுப்பைச் சாராம்மா கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்தாள். ஒருத்தி விறகைத் தள்ளினாள். நாங்கள் கிண்டிய கட்டிகளைப் பார்த்து அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அந்தக் கட்டி ஒன்றைச் சாராம்மா தானே எடுத்து மென்று விழுங்கினாள். அப்புறம் சிரிப்பை அடக்க யாராலும் முடியவில்லை.

கொஞ்ச நேரத்தில் குழந்தைகள் வந்தார்கள். கையில் இலையோடு. இந்தத் தடவை இலையில் களி விழுந்தது.

தின்று முடித்தவை பந்தைத் தாமாகவே எடுத்துக்கொண்டு ஓடின. பேச்சி முதுகுக் குழந்தையை இறக்கி, சாராம்மா மடியில் வைத்தாள். சிரங்கைக் கழுவி மருந்து போடும்போது அது கத்திய கத்தலை என்னவென்று சொல்ல.

வெள்ளிக்கிழமை ஆபீஸர் வந்தார். மூச்சு வாங்கக் கொட்டகை வாசலில் நின்றவர், எதிரே இருந்த ஒரு சின்னப் பெண்ணிடம் குனிந்து, "இவிடெ எந்தா உள்ளது?" என்றார்.

"களி," என்றது அது.

"களி இஷ்டமாணோ?"

"இன்னும் வேணும்."

ஆபீஸருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. குழந்தைகளுக்கு விளையாட்டில் இவ்வளவு ஆசையை எங்கேயும் தான் பார்த்ததில்லை என்றும், பாலவாடி இங்கேயே இருக்கட்டும் என்றும் மலையாளத்தில் பொழிந்தார். சாராம்மா என்னைப் பார்த்தாள். நான் பானையைப் பார்த்தேன். அவருக்கு விளக்கம் சொல்ல எனக்கென்ன பைத்தியமா?

ஆணைக் கண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்ற பேச்சி என் முந்தானையை இழுத்தாள். "என்ன சொல்றாரு?"

"களி ரொம்ப நன்னாருக்காம்," என்றேன்.

"தின்னு பாக்காமயேவா?" என்றாள் பேச்சி. திரும்பாமலே ஓர் இலையை எடுத்து என் கையில் கொடுத்தாள், அவருக்குப் போட.